பல்செட்காரர் வீட்டுப் பொக்கைவாய்

"ஆ காட்டுங்க… இன்னும் கொஞ்சம்… ஆங், அப்படித்தான்" என்று சொல்லும்போதே பல்செட்காரரின் வாயும் தன்னால் திறந்துகொள்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு திறக்கிறாரோ, அதைவிட ஒரு விரற்கடை கூடுதலாகவே இவர் திறப்பார். கடைக்கு வெளியே நின்று பார்த்தால் யாருக்கு யார் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று விளங்காது. போன மாதம் ஓர் ஈ உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. அப்படியும் பழக்கம் விடவில்லை.

அவர் டாக்டர் இல்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதை அவரே சொல்லிவிடுவார். எதிர்வரிசையில் இருக்கும் பல் மருத்துவர் ஈறுகளை அச்செடுத்து அனுப்புகிறார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கி, பாலிஷ் போட்டு, வழுவழுவென்று செட்டாக்கித் தருவது இவர். உறுத்தினால் தேய்த்துத் தருவார், உடைந்தால் ஒட்டித் தருவார். கடைச் சுவர் நெடுக அலமாரி, அலமாரி நெடுக வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர் ஈறுகள். ஊரில் பாதிப்பேரின் பொக்கைவாய் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற எத்தனையோ ஆசாமிகளின் ரகசியம் அவர் கையில், ஆனால் யாரிடமும் மூச்சு விடமாட்டார். முகத்தைப் பார்த்தால் அவருக்கு ஆள் அடையாளம் தெரியாது. பேருந்தில் எதிரே இருப்பவர் சிரித்துவிட்டால் மட்டும், "அட, நீங்களா!" என்று எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொள்வார்.

தன் வாயில் இருக்கிற முப்பத்திரண்டும் சொந்தப் பல் என்பதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை. மேசைக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருக்கிறார். "நொறுங்கத் தின்றால் நூறு வயது." அதற்குக் கீழே, அவரே சொந்தச் செலவில் சேர்த்த இன்னொரு வரி: "நொறுக்கப் பல் வேண்டும்." தொழிலுக்குத் தொழிலும் ஆச்சு, தத்துவத்துக்குத் தத்துவமும் ஆச்சு.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான், பத்து மாதம் தாண்டியும் ஒரு பல் முளைக்காமல் ஒரு பாப்பா தவழ்ந்துகொண்டிருக்கிறாள். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து பிறந்த ஒற்றைப் பிள்ளை. சிரித்தால் மேலும் கீழும் ரோஸ் நிற ஈறு மட்டும்தான், வேறு ஒன்றும் கிடையாது. சும்மாவும் சிரிக்கமாட்டாள், ஊரைக் கூட்டித்தான் சிரிப்பாள்.

விடுவார்களா? "என்ன டாக்டர் தம்பி, ஊருக்கெல்லாம் பல்லு கட்டிவிடறீங்க, உங்க வீட்டுல ஒண்ணு பொக்கையாத் திரியுதே! சின்னதா ஒரு செட்டு அடிச்சுப் போட்டா என்ன?" என்பார் ஏலக்காரர். பழைய மேசை நாற்காலி, பீரோ, கடிகாரம் எல்லாவற்றையும் கூவிக் கூவி விற்கிறவர். இவருடைய மூத்த வாடிக்கையாளர்.

"நான் டாக்டர் இல்லைங்கய்யா."

"சரி, டாக்டர் தம்பி."

காலையில் எழுந்ததும் பல்செட்காரர் செய்கிற முதல் காரியம், டார்ச் விளக்கோடு பாப்பா முன்னால் உட்கார்வதுதான். "ஆ காட்டு கண்ணு" என்று தன் வாயைப் பிளப்பார். பாப்பாவும் பிளப்பாள். கரண்டியின் காம்பால் ஈறில் மெல்லத் தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். 'டிங்' என்றால் பல் வந்தாயிற்று என்று அர்த்தம். வருவதென்னவோ 'தப்' என்கிற சத்தம்தான். பாப்பாவுக்கு இது ஓர் அருமையான விளையாட்டு. அப்பாவின் காது வாகாகக் கிட்டே வருகிறதே என்று அதைப் பிடித்து ஈறால் ஒரு கடி கடித்து வைப்பாள். "ஐயோ, விடுடி!" என்று அவர் அலறுகிற அலறலில்தான் வீட்டில் மற்ற வேலைகள் தொடங்கும். அந்த வலியிலிருந்து அவருக்கு ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. காதைத் தடவிக்கொண்டு, "பாவம், பல்லே இல்ல, எதை எப்படி மெல்லும்?" என்பார்.

அதனால் மிக்ஸி. எதையும் மிக்ஸி. கேரட்டை வேகவைத்து, அரைத்து, வடிகட்டியில் தேய்த்து, மறுபடி அரைத்து, ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பார். ஒரு நரம்பு, ஒரு திப்பி தட்டுப்பட்டாலும் திரும்ப மிக்ஸிக்குப் போகும். வேலையில் கடைசிக் கட்டம் பாலிஷ் அல்லவா? சாப்பாட்டுக்கும் பாலிஷ் போடாமல் அவருக்கு மனம் ஆறாது. பூசணி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாமே கடைசியில் ஒரே வழவழப்பில் கிண்ணத்தில் வந்து நிற்கும், நிறம் மட்டும்தான் வேறு. பாப்பா அதை 'சர்' என்று இழுத்து விழுங்கிவிட்டு, அடுத்த கரண்டிக்கு மேசையைத் தட்டுவாள்.

"நொறுங்கத் தின்றால்னுதான் உங்க பலகையில இருக்கு. நொறுக்கிக் குடுத்தால்னு இல்ல" என்றார் கிரேன்காரம்மா ஒரு நாள்.

அதாவது, அவர் மனைவி. துறைமுகத்தில், பனைமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி இறக்குகிறவர். அங்கிருந்து பார்த்தால் லாரிகள் தீப்பெட்டி, மனிதர்கள் கடுகு. ஒரு தீப்பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை நூல் பிசகாமல் இறக்கி வைப்பது அவருக்குக் கைவந்த கலை. பிரசவ விடுப்பை நீட்டி வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கிற இந்த மாதங்களில், காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுக்கும்போதுகூட இரண்டு கையும் இரண்டு நெம்புகோலைத் தேடும். "மேல ஏறாம கை நமநமங்குதுங்க" என்பார். "கீழ இருந்தா எல்லாரோட மூஞ்சியும் ரொம்பப் பக்கத்துல தெரியுது."

விடுப்பு முடியப் போகிறது. திரும்ப வராவிட்டால் அந்தக் கூண்டு வேறு ஒருவருக்குப் போய்விடும், பிறகு கிடைப்பது குதிரைக் கொம்பு என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். பாப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. அதை நடத்துகிறவரை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். அக்காவிடம் இடம் இருந்தது. நிபந்தனையும் இருந்தது.

"பல்லு இருக்கணும்னு நான் கேக்கல. வெந்த கிழங்கைக் கையில குடுத்தா, தானா எடுத்துத் தின்னணும். அவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அரைச்சு ஊட்டறதுக்கு எனக்கு எட்டுக் கையா இருக்கு? வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

ஆக, ஒரு துண்டு உருளைக்கிழங்கில் வந்து நின்றது கிரேன்காரம்மாவின் வேலை.

அவர் சும்மா இருக்கவில்லை. தடுப்பூசி போடும் செவிலியரிடம் கேட்டார். "இப்பவே ஆரம்பிச்சுடுங்கம்மா, தள்ளிப் போடப் போடக் கட்டியைக் கண்டாலே துப்பும். கடைவாய்ப்பல்லு வர இன்னும் எவ்வளவோ நாளாகும். அதுவரைக்கும் எல்லாப் பிள்ளையும் ஈறாலதான் மெல்லுது" என்று அந்தம்மா சொல்லியனுப்பினார். அன்றைக்கே உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்து, வேண்டுமென்றே இரண்டு மூன்று கட்டியை விட்டுவைத்து, பாப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு வாய் கொடுத்தார்.

பாப்பா வாங்கினாள். முகத்தைச் சுளித்தாள். நாக்கை வெளியே தள்ளி, "க்கெக்" என்று ஓங்கரித்தாள்.

பக்கத்தில் அதுவரை ஆ காட்டிக்கொண்டு நின்ற பல்செட்காரர், "ஐயோ, போச்சு!" என்று கூரை இடிகிற மாதிரிக் கத்திப் பாய்ந்து, பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் படபடவென்று தட்டினார். கட்டி எப்போதோ வெளியே வந்து அவர் காலடியில் கிடந்தது. அதுவரை அழாத பாப்பா, தலைகீழாகத் தொங்கியபடி, அப்பாவின் வெளிறிப்போன முகத்தைப் பார்த்துத்தான் வீறிட்டு அழுதாள்.

"கீழ விடுங்க முதல்ல!" என்றார் கிரேன்காரம்மா. "அது புரையேறல. அந்த ஓங்கரிப்புத்தான் தொண்டைக்குக் காவல்காரன். புதுசா கட்டியா ஏதாவது வந்தா 'நில்லு, யாரு நீ?'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்புவான். சத்தம் வந்தா பயமில்ல. சத்தமே வராம திணறினாத்தான் ஓடணும்னு நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

"காவல்காரன் தூங்கிட்டா?"

"நீங்க கத்தற கத்துல எவன் தூங்குவான்?"

அதற்குப் பிறகு ஒரு புதுச் சிக்கல். வாயில் கட்டி பட்டதும் பாப்பா உடனே அப்பா முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். அங்கே கண் இரண்டும் பிதுங்கி, வாய் பிளந்து நிற்கும். ஆகா, ஆபத்து போலிருக்கிறது என்று துப்பிவிடுவாள். அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "நீங்க வாயை மூடுங்க, அவ தானா வாயைத் திறப்பா" என்று தலையில் அடித்துக்கொள்வார். அவரும் மூடிப் பார்ப்பார். கரண்டி பாப்பாவின் உதட்டருகே போகப் போக, கதவுக் கீல் மாதிரி அது பாட்டுக்குத் திறந்துகொள்ளும்.

வியாழக்கிழமை மாலை ஏலக்காரர் கடைக்கு வந்தார். கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம், முகத்தில் அசட்டுச் சிரிப்பு, வாயில் பல் இல்லை.

"செட்டு எங்கேங்கய்யா?"

ஏலக்காரர் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்து வைத்தார். குறுக்கே ஒரு விரிசல். அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். பல் இல்லாத வாயிலிருந்து சொற்கள் காற்றாகத்தான் வந்தன. பல்செட்காரருக்கு அந்தப் பாஷை அத்துப்படி என்பதால் நமக்கு இவ்வளவு தெரிகிறது.

"சாப்பிடறப்போ கழட்டி வச்சுருவேன், தம்பி. அழுக்காயிடும்ல?"

"சாப்பிடத்தானேய்யா பல்லு!"

"அட, நீங்க ஒண்ணு. பல்லு போனா சொல்லு போச்சுன்னுதான் சொல்லியிருக்காங்க. சோறு போச்சுன்னா சொன்னாங்க? ஏலம் கூவறதுக்குத்தான் எனக்குப் பல்லு. நாளைக்குக் காலையில பெரிய ஏலம், ஒட்டிக் குடுத்துருங்க." சொல்லிவிட்டு நாலு வேர்க்கடலையைக் கடைவாயில் ஒதுக்கி, தாடையை ஒரு சுற்றுச் சுற்றினார். 'மொறுக்'கென்று கேட்டது. பல்செட்காரருக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் கேட்டது. எத்தனை ராத்தூக்கம் கெட்டு அடுக்கிய பல்! பார்த்தும் பார்க்காதவர் போல மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கிரேன்காரம்மாவுக்குத் துறைமுகத்தில் கண் பரிசோதனை. கிரேன் ஏற வேண்டுமானால் அதைத் தாண்டியாக வேண்டும். விரல் நீளத்துக்கு வெட்டிப் பதமாக வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளை டப்பாவில் போட்டு அடுப்படி மேடையில் வைத்தார். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டினார். "பாத்துக்குங்க, மெத்துனு இருக்கு. இதை மட்டும் குடுங்க. என் வேலை உங்க கையிலதான் இருக்கு. சொதப்பிடாதீங்க."

"சேச்சே" என்றார் பல்செட்காரர்.

அந்தம்மா தெருமுனை திரும்பியதுதான் தாமதம், மிக்ஸி ஓடியது. மோசம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இல்லை, பாவம். முதலில் கிழங்கைக் காட்டுவோம், ஓங்கரித்தால் விழுதுக்குத் தாவிவிடுவோம் என்றுதான் தொடங்கினார். கடைசியில், கிழங்கு எதற்கு வீணாக என்று மேடையிலேயே விட்டுவிட்டார். கேரட் விழுதை ஒரு டப்பாவில் நிரப்பி, வீட்டு முன்னறையில் இருக்கும் கடைக்கு எடுத்து வந்தார். இங்கேதான் வந்தது வினை. பல்செட் போட்டுக் கொடுக்க மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் நீல மூடி வட்ட டப்பாக்கள்தான் அவர் வீட்டு அடுப்படியிலும் புழங்குகின்றன. "இந்த எழவெடுத்த டப்பாவை வீட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கிரேன்காரம்மா சொல்லாத வாரம் இல்லை. அன்று காலை கடை மேசையில் இரண்டு நீல மூடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றை ஏலக்காரர் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். இன்னொன்று பாப்பாவோடு காப்பகத்துக்குப் போனது.

காப்பகத்தில் சாப்பாட்டு நேரம். முழங்கால் உயர மேசையைச் சுற்றி வாண்டுகள் உட்கார்ந்திருந்தன. வெந்த கேரட், வெந்த கிழங்கு, முட்டைத் துண்டு. பாதி வாயில், பாதி தலைமுடியில். பாப்பாவை ஓரத்து நாற்காலியில் இடுப்புப் பட்டை போட்டு உட்காரவைத்தார் அக்கா. புது இடம், புது முகங்கள், இத்தனை சின்னச் சின்ன மனிதர்கள்! பாப்பா இரண்டு கையாலும் மேசையைத் தட்டி ஒரு பொக்கைச் சிரிப்புச் சிரித்தாள்.

"என்ன கொண்டாந்திருக்கீங்க? எடுங்க, பாப்போம்" என்றார் அக்கா.

பல்செட்காரர் நீல மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து பற்கள் சிரித்தன.

மேசையைச் சுற்றி இருந்த தலைகளெல்லாம் டப்பா பக்கம் திரும்பின. பிறகு ஒரு வாண்டு எழுந்து நின்று, டப்பாவைச் சுட்டிக்காட்டி, "தாத்தா!" என்றது. அவ்வளவுதான். "தாத்தா! தாத்தா!" என்று எல்லாமும் சேர்ந்து கைகொட்டின. அக்கா டப்பாவையும் பார்த்தார், பாப்பாவையும் பார்த்தார், இந்த மனிதரையும் பார்த்தார். "பல்லு வேணும்னு நான் கேக்கவே இல்லையே, தம்பி!"

"ஐயோ, மாறிப்போச்சுக்கா! ஏலக்காரரோடது…" என்று அவர் டப்பாவை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கைச் சிறுமியின் தட்டுக்குள் ஒரு குட்டிக் கை நுழைந்தது. பாப்பாவின் கை. ஒரு கிழங்குத் துண்டை முழுக் கையாலும் பிடித்து, நேரே வாய்க்குள் கொண்டுபோனது.

பல்செட்காரரின் வாய் திறந்துகொண்டது. கால் முன்னால் போனது. அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அசையாதீங்க. கண்ணையும் உருட்டாதீங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன், நான் பாத்துக்கறேன்."

கடித்தாள். ஒரு துண்டு உள்ளே போனது. முகம் சுளித்தது. "க்கெக்."

"அக்கா!"

"சத்தம் வருதுல்ல? அப்போ சும்மா இருங்க."

பாப்பா வழக்கம்போல அப்பா முகத்தைத் தேடினாள். நல்லவேளை, பல்செட்காரருக்கு அப்போது முகமே இல்லை; அழுகை வந்துவிடும் என்று நீல மூடி டப்பாவை மூக்குவரை தூக்கி வைத்திருந்தார். ஆபத்துச் செய்தி எதுவும் அந்தப் பக்கமிருந்து வரவில்லை. காவல்காரன் திருப்பி அனுப்பிய துண்டு நாக்கு நுனியில் வந்து நின்றது. பாப்பா யோசித்தாள். துண்டை மெல்லக் கடைவாய்ப் பக்கம் தள்ளினாள். தாடை அசைந்தது. மேலும் கீழும், பிறகு சற்றே பக்கவாட்டில்.

டப்பாவுக்கு மேலே இரண்டு கண்கள் அதைப் பார்த்தன. கடையில் கீல் வைத்த இரும்புத் தாடை ஒன்று இருக்கிறது. பல் அடுக்கியதும் செட்டை அதில் பொருத்தி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டி, மெல்லுகிற வாட்டம் சரியாக வருகிறதா என்று பார்ப்பார். ஒரு மயிரிழைக்காக நாளெல்லாம் தேய்த்திருக்கிறார். அதே வாட்டம்! யாரும் தேய்க்காமல், யாரும் சொல்லித் தராமல், வெறும் ஈறில்! பாப்பா 'குளுக்' என்று விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை, பல் உட்பட.

"அடி என் தங்கமே!" என்று பல்செட்காரர் போட்ட கூச்சலில் இரண்டு வாண்டுகள் நாற்காலியிலிருந்து சரிந்தன.

இரண்டாவது துண்டைப் பாதி தின்றாள். மீதியை, இந்தா வைத்துக்கொள் என்பது போல அப்பா மேல் விட்டெறிந்தாள். சட்டையில் பட்டு உள்ளங்கையில் விழுந்ததை அவர் எறியவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கடித்த இடத்தில் பிறை வடிவில், மேலே ஒன்று கீழே ஒன்றாக, ஒரு மேடு பள்ளம் குறையாமல் பதிந்திருந்தது. அச்சு! ஊர்ப்பட்ட ஈறுகளை அச்சில் பார்த்த மனிதர், தன் பிள்ளையின் ஈறை டார்ச் அடித்தும் கரண்டியால் தட்டியும்தான் பார்த்திருந்தார். இப்படிப் பார்த்ததே இல்லை. "என்னா அழுத்தம் பாருங்கக்கா… என்னா அழுத்தம்! எப்படி இறங்கியிருக்கு பாருங்க!" என்று அக்காவின் மூக்குக்கு நேரே அதை நீட்டினார். அக்கா மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது.

"ஹம்பி! ஹப்பாவைத் ஹொறந்தா ஹல்லு இல்ல! ஹேரட்டு இருக்கு!"

"ஐயா, மன்னிச்சுக்குங்கய்யா, மாறிப்போச்சு. இதோ ஓடி வந்துடறேன். அந்தக் கேரட்டைக் கொஞ்சம் பத்திரமா…"

"அதை ஹாப்ட்டேன். உப்பு ஹம்மி."

"ஓடுங்க, ஓடுங்க" என்றார் அக்கா. "இவ இருக்கட்டும். உங்களை மறந்து ரொம்ப நேரமாச்சு. திங்கக்கிழமையிலருந்து அனுப்புங்க. அந்த டப்பாவை மட்டும் அனுப்பாதீங்க."

மனிதர் ஓடினார். ஒரு கையில் பல், இன்னொரு கையில் கிழங்கு. ஏல மண்டபத்தில் கூட்டம் பொறுமையிழந்து சலசலத்தது. மேடையில் ஏலக்காரர் சுத்தியலும் கையுமாக வாயைத் திறக்காமல் எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். டப்பா கைமாறியது. ஒரு நொடி திரும்பி நின்றவர், மறுநொடி, "தேக்கு பீரோ! நாலு கதவு! கேட்பார் யாரு?" என்று கர்ஜித்தார். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து பல்செட்காரர் கையைத் தூக்கி ஆட்டி, "கிழங்கு தின்னுட்டாய்யா! பொக்கை வாயாலேயே தின்னுட்டா!" என்று கத்தினார். தூக்கிய கையை ஏலம் கேட்பதாக எடுத்துக்கொண்டு ஏலக்காரர் பீரோவை அவர் தலையில் கட்டப் பார்த்தது தனிக்கதை.

சாயங்காலம் கிரேன்காரம்மா வீடு திரும்பியபோது அடுப்படி மேடையில் கிழங்கு டப்பா வைத்தது வைத்தபடி இருந்தது. திறந்து பார்த்தார். ஒரு துண்டுகூடக் குறையவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் பரிசோதனையில் கடைசி வரி எழுத்துவரை படித்துத் தேறியிருந்தார். அதைச் சொல்லிக் குதிக்கத்தான் படியேறி வந்திருந்தார்.

"குடுக்கவே இல்லையா நீங்க?" டப்பாவை அவர் முன்னால் நீட்டினார். "ஒரே ஒரு காரியம்தானே சொல்லிட்டுப் போனேன்!"

பல்செட்காரர் பாப்பாவை இடுப்பில் எடுத்துக்கொண்டார். மனைவியின் கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிப்போய், அலமாரி முன்னால் நிறுத்தினார். ஊர்ப் பெரியவர்களின் பிளாஸ்டர் ஈறுகளுக்கு நடுவே, கட்டைவிரல் அகலத்தில் ஒரு வெள்ளைப் பிறை, ஈரம்கூடக் காயாமல் இருந்தது.

"யாரோடது?"

அவர் பாப்பாவைத் தூக்கிக் காட்டினார். பாப்பா சிரித்தாள். அலமாரியில் இருந்ததும் வாயில் இருந்ததும் ஒன்றேதான். "கிழங்குல கடிச்சது. அதுல பிளாஸ்டர் ஊத்தினேன்" என்று ஆரம்பித்து, மிக்ஸி, டப்பா, தாத்தா, பீரோ எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார். தான் ஏமாற்றப் பார்த்ததையும் மறைக்கவில்லை. "திங்கக்கிழமை நீ ஏறலாம். ஏறும்மா" என்று முடித்தார். கிரேன்காரம்மா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அடித்த கையாலேயே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். "உப்பு ஹம்மியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் பாப்பாவும் சேர்ந்துகொண்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு, மேடையில் மிச்சமிருந்த அந்தக் கிழங்கையே சுடவைத்து எடுத்துக்கொண்டார்கள். பல்செட்காரர் ஒரு துண்டைப் பாப்பாவின் தட்டில் வைத்துவிட்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டார். அது திறக்கப் பார்த்தது, கையால் பொத்திக்கொண்டார். பாப்பா தட்டைப் பார்த்தாள். துண்டை எடுத்து ஒரு கடி கடித்து, கடைவாயில் ஒதுக்கி, நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு, எச்சில் ஒழுகும் மீதித் துண்டை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். வாயைப் பொத்தியிருந்த அவர் கையைத் தட்டிவிட்டு, தன் பொக்கைவாயை அகலத் திறந்தாள்.

"ஆ…" என்றாள்.

பல்செட்காரர் மனைவியை ஒரு தரம் பார்த்தார். உதடு இரண்டையும் உள்ளே மடித்து, முப்பத்திரண்டு சொந்தப் பல்லையும் மறைத்துக்கொண்டு, குனிந்து, அந்தக் கிழங்கை வெறும் உதட்டால் கடித்து வாங்கினார்.